ஐந்தாம் நம்பர் கக்கூஸ் பேய்

தாராவியில் சுற்றிப் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்குப் போன ஆடி மாதம் ஒரு நல்ல பதில் கிடைத்தது. கக்கூஸ் இருந்தது. அதைப் பார்க்கத் தாணேயிலிருந்து ஜனம் ரயிலேறி, சயானில் இறங்கி, மழையில் குடை பிடித்துக்கொண்டு வந்தது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. தாதரில் பூ விற்றவர்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு இங்கேயே கடை போட்டுவிட்டார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுக் கக்கூஸுக்குப் போன கூட்டத்தை நீங்கள் வேறெங்கும் பார்த்திருக்க மாட்டீர்கள்.

விஷயம் இதுதான். ஆண்கள் பக்கம் பத்து அறை. அதில் ஐந்தாம் நம்பரில் பேய். இரண்டு மாதத்தில் ஆறு பேர் உள்ளே விழுந்துவிட்டார்கள். நல்லபடியாக வாளியோடு போனவன், உட்கார்ந்தவன், எழுந்திருக்கும்போது தொப்பென்று சத்தம். கதவை உதைத்துத் திறந்து, முகத்தில் தண்ணீர் அடித்தால், ஒரு நிமிஷத்தில் கண் விழித்து, “நான் எங்கே இருக்கேன்?” என்பான். அதற்கு என்ன பதில் சொல்வது? மூக்கு உள்ளவனுக்குத் தெரியாதா?

மற்ற ஒன்பது அறையிலும் ஒருவனும் விழவில்லை. ஆகவே பேய்தான். வேறு என்ன காரணம் இருக்க முடியும் என்று ஊர் கேட்டது. கேட்டதே தவிர, பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

விழுந்த ஆறு பேரில் கடைசி ஆள் செல்லத்துரை. தொண்ணூறடி ரோட்டுக்கு உள்ளே மளிகைக் கடை வைத்திருக்கிற அண்ணாச்சி. ஐம்பத்திரண்டு வயது. விடிந்ததிலிருந்து அடையும் வரை நின்றுகொண்டே வியாபாரம் பார்ப்பவர். அதனால் முழங்கால் வலி. அதற்கு மருந்துக் கடையில் தானாகவே கேட்டு வாங்கிய வலி மாத்திரை, காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. அதுவும் வெறும் வயிற்றில், அரை கிளாஸ் கட்டிங் சாயோடு. ஒரு வருஷமாக இப்படித்தான்.

அவர் மனைவி பொன்செல்வி எதையும் சட்டென்று நம்பிவிடுகிறவள் இல்லை. ஆனால் புருஷனைச் சாக்கடைத் தண்ணியோடு நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்து அவர்கள் ஒற்றை அறைக் கோலி வாசலில் போட்டபோது அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. யாராவது வந்து சரி பண்ணித் தந்தால் போதும் என்றிருந்தது. அந்தச் சமயம் பார்த்துத்தான் கோமதிநாயக சுவாமிகள் வந்து சேர்ந்தார்.

சுவாமிகளைப் பற்றி இரண்டு வார்த்தை. தாணேக்காரர். முதலில் தண்ணீர் சுத்தம் பண்ணுகிற மெஷின் விற்றார். அப்புறம் கர்ஜத்துக்கு அந்தப் பக்கம் பிளாட் விற்றார். இரண்டும் போணியாகாததால் அருள் வந்துவிட்டது. மூன்று தொழிலுக்கும் முதலீடு ஒன்றுதான், வாய்.

அவர் ஐந்தாம் நம்பர் கதவுக்கு முன்னால் கண்ணை மூடி நின்றார். மூக்கையும் மூடிக்கொண்டார். அதைத் தியானம் என்று சொன்னார்கள்.

“இது மலக்கட்டுப் பிசாசு” என்றார். “உட்காருறவன் உச்சந்தலையில ஏறி உட்காரும். எந்திரிக்கும்போது காலை வாரிடும்.”

“சாமி, கழிச்சு விட முடியுமா?” என்று கேட்டது கூட்டம்.

“ஏறினதை இறக்கணும். வந்த வழியிலேயே இறக்கணும்.”

இறக்குவதற்கு ஒரு உருண்டை கொடுத்தார். காப்பு உருண்டை. கருப்பட்டியும் கறுப்பு எள்ளும் போட்டுப் பிடித்தது, பார்க்க எள்ளுருண்டை மாதிரி. பதினோரு ராத்திரி தின்ன வேண்டும். “பேய் உடம்புல இருந்தா மறுநாள் கறுப்பாப் போகும். பேய் இல்லாதவன் தின்னா மஞ்சளாத்தான் போகும். நீங்களே பார்த்துக்கோங்க. நான் ஒண்ணும் சொல்லல.” கூடவே ஒரு பத்தியம்: உள்ளே போகுமுன் ஒரு செம்பு தீர்த்தம் குடிக்க வேண்டும். முக்கக் கூடாது. முடித்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு சுவாமிகள் பெயரை ஒன்பது தடவை நிறுத்தி நிதானமாகச் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். ஊசி மருந்து கூடாது. பட்டால் காப்பு உடைந்துவிடும்.

தின்றார்கள். மறுநாள் ஆறு பேருக்கும் கறுப்பு.

அதற்கப்புறம் அந்தச் சந்தில் காலை வணக்கமே மாறிப்போயிற்று. “என்ன அண்ணாச்சி, கறுப்பா?” “மை மாதிரில்லா போச்சு.” கேட்டவனுக்கும் சந்தோஷம், சொன்னவனுக்கும் சந்தோஷம். கறுப்பாகப் போனவனுக்கு மாலை போட்டார்கள். அதோடு, ஐந்து பேருக்கு மயக்கமும் நின்றுவிட்டது. இனி என்ன வேண்டும்? சுவாமிகளுக்கு மேடை போட்டார்கள். மேடையில் காணிக்கை ஸ்கேன் பண்ண ஒரு அட்டை தொங்கியது. பெரிய ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். அதில் ஒரு பக்கம் சுவாமிகள், மறுபக்கம் முதல் பயனாளி செல்லத்துரை, கும்பிட்டபடி.

மாட்டுங்காவிலிருந்து வெங்கடராமன் சார்கூட வந்தார். ரயில்வேயில் ஹெட் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். சுவாமிகளைத் தாணேயில் ஒரு பஜனையில் பிடித்துக்கொண்டவர். அவர் மேடையில் வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் கூட்டத்துக்கு இன்னும் நம்பிக்கை வந்தது. படித்தவர் பொய்க்குப் பக்கத்தில் உட்கார மாட்டார் என்று நம் ஆட்களுக்கு ஒரு நினைப்பு. அவர்தான் முதல் வரிசையில் உட்காருவார் என்பது எப்போது உறைக்குமோ.

செல்லத்துரைக்கு மட்டும் ஏழு உருண்டை தின்றும் மயக்கம் நிற்கவில்லை. கடையில் பருப்பு அளக்கும்போதே கண் இருட்டியது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. “பேய் கெட்டி” என்றார் சுவாமிகள். செல்லத்துரைக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட.

அன்று மத்தியானம் பக்கத்துக் கோலி சஃப்ரீன் டீ குடிக்க வந்தாள். செம்பூரில் ஒரு லேபில் வேலை. ஊரார் ரத்தமும் மலமும் மூத்திரமும் சோதித்து ரிப்போர்ட் கொடுக்கிற பெண். லீவு முடிந்து அன்றுதான் ஊரிலிருந்து திரும்பியிருந்தாள். பொன்செல்வி நடந்ததெல்லாம் சொன்னாள்.

“ஏழு நாளாக் கறுப்பாத்தான் போகுது பிள்ள. இன்னும் நாலு நாளு.”

“கறுப்பு என்னைக்கு ஆரம்பிச்சுது அக்கா? உருண்டை தின்ன பெறவா?”

பொன்செல்வி யோசித்தாள். “இல்ல. மொதத் தடவ விழுந்தாவல்லா, அதுக்கு நாலு நாளு முந்தியே. தாரு மாதிரி ஒட்டுது, நாத்தம் தாங்கலன்னு சொன்னாவ. நாந்தான் கருப்பட்டிக் காப்பி கூடிப்போச்சுன்னு நெனச்சேன்.”

சஃப்ரீன் கிளாஸைக் கீழே வைத்தாள். “அக்கா, அது பேயி இல்ல. ரத்தம். வெறும் வயித்துல வலி மாத்திர போட்டுப் போட்டு உள்ள புண்ணாயிருக்கும். வயித்துல கசியிற ரத்தம் கீழ வரும்போது கறுப்பாத்தான் வரும். உடம்புல ரத்தம் குறைஞ்சவரு மூச்சப் பிடிச்சு முக்கிட்டு படக்குன்னு எந்திரிச்சா மூளைக்கு ரத்தம் எட்டாது. விழத்தான் செய்வாரு. இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.”

“அப்ப மத்த அஞ்சு பேருக்கும் கறுப்பாப் போகுதே. அவுகளுக்கும் புண்ணா?”

“உருண்டையில கரி கலந்திருப்பான். கரி தின்னா யாருக்கும் கறுப்பாத்தான் போகும்.”

“பேயில்லாதவனுக்கு மஞ்சளாப் போகும்னாரே?”

“பேயில்லாதவன் யாராவது தின்னுருக்கானா அக்கா?”

பொன்செல்வி விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். ஒருத்தரும் தேறவில்லை. இரண்டாயிரம் பேர் வந்து போன அந்த இடத்தில் இப்படி ஒரு கேள்வியை ஒருத்தரும் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை. இத்தனை நாளும் புருஷன் உடம்பிலிருந்து ரத்தம் போயிருக்கிறது. அவள் ஏழு நாளாக நல்ல சேதி என்று சாமி படத்துக்கு விளக்கேற்றியிருக்கிறாள். நினைக்கும்போதே அவளுக்குக் கோபம் வந்தது.

நேரே கக்கூஸுக்குப் போனாள். வாசலில் ஷேக் பரீத் உட்கார்ந்திருந்தார். அந்தக் கக்கூஸைப் பதினெட்டு வருஷமாகப் பார்த்துக்கொள்கிறவர், கழுவுவதும் பூட்டுவதும் அவர்தான்.

“பாய், அஞ்சாம் நம்பர்ல மட்டும் ஏன் ஆளு விழுதாவ?”

“நாந்தாம்மா அனுப்புதேன்” என்றார் பரீத். “வாசல் நடுவுல, அதுக்குப் பக்கத்து அறை அது. பிடிச்சு எந்திரிக்க ஒரு பைப்பும் இருக்கு. வயசானவுக, சுகரு, பிரஷரு, பேதியாகி வர்றவன், எல்லாரையும் வரிசையில நிக்க வேண்டாம், அஞ்சுக்குப் போங்கன்னு விட்டுருவேன். ரொம்ப வருசமா அப்படித்தான், இந்த மழைக்குப் பேதி கூடுனதுல விழுததும் கூடிப்போச்சு. அதுல ஒருத்தன் பிரஷர் மாத்திரையப் போட்டுட்டு வருவான். ஒருத்தன் ராத்திரியெல்லாம் பேதியாகி ஒடம்புல தண்ணியே இல்லாம வருவான். வெளிய எட்டு பேரு வாளியோட நின்னு ‘ஜல்தி கரோ’, சீக்கிரம் வான்னு கதவத் தட்டுவான். உள்ள இருக்கவன் முக்கிட்டு எந்திரிச்சு ஓடப் பாப்பான். நோயாளிய எல்லாம் ஒரே ரூமுக்கு அனுப்புனா மயக்கமும் அங்கதான வரும்?”

“இத ஏன் யாருகிட்டயும் சொல்லல?”

“எங்கிட்ட யாரு கேட்டா? எல்லாரும் சாமிகிட்டல்லா கேட்டிய.”

ஐயா, இந்த ஒரு பதிலோடு கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. ஏனென்றால் கக்கூஸ் கழுவுகிறவன் சொன்னால் அது பேச்சு, காவி கட்டினவன் சொன்னால் அது வாக்கு.

பொன்செல்வி வீட்டுக்கு வந்தாள். ஃப்ளெக்ஸில் இருந்த செல்லத்துரை ரோஸ் கலரில் இருந்தார். பாயில் படுத்திருந்த செல்லத்துரை சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தார். அவள் எல்லாவற்றையும் சொல்லி, “எந்திரிங்க, சயான் ஆஸ்பத்திரிக்குப் போவோம்” என்றாள்.

“நாலு நாளுதான் பாக்கி” என்றார் அவர். “ஊசி பட்டா காப்பு உடைஞ்சிரும். ரோட்டுல என் படம் தொங்குது. நானே ஆஸ்பத்திரிக்குப் போனா ஊரு காறித் துப்பாதா? சாமி வாயால போன்னு சொல்லட்டும், போறேன்.”

“நீங்க செத்தாலும் படம் தொங்கும். அதுக்கு மாலையும் போடுவாவ.”

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவரைத் தூக்கிக்கொண்டு போக நாலு பேர் வேண்டும். அந்த நாலு பேரும் சாமி மேடைக்குக் கீழே கைகட்டி நின்றார்கள். பொன்செல்வி சேலைத் தலைப்பில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வலி மாத்திரை அட்டையை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு, சாயங்காலம் மேடைக்குப் போனாள்.

கூட்டம் நிறைந்து கிடந்தது. அவள் முன்னால் போய்ப் பயபக்தியாகக் கும்பிட்டாள்.

“சாமி, ஒரு சந்தேகம். வெங்கடராமன் சாருக்குப் பேய் உண்டா?”

சுவாமிகள் சிரித்தார். “அவருக்கா? மாட்டுங்காவுல மூணாவது மாடி. சொந்த பாத்ரூம். மூணு வேளை சந்தியாவந்தனம். அவர் பக்கத்துல பேய் வருமா? பத்தரை மாத்துத் தங்கம்.”

வெங்கடராமன் சார் வெட்கத்தோடு தலையைக் குனிந்துகொண்டார்.

“அப்ப அவுக ஒரு உருண்டை சாப்பிட்டுட்டு நாளைக்குக் காலைல வந்து மஞ்சள்னு சொன்னா, சந்தேகப்படுறவன் வாயெல்லாம் அடைச்சிரும்லா சாமி?”

கூட்டம் கைதட்டியது. சுவாமிகள் கை உருண்டைக் கூடைக்கு மேலேயே நின்றது. “அவருக்கு நாளைக்குத் தனியா...” என்று ஆரம்பித்தார். அதற்குள் வெங்கடராமன் சார், “பேஷா எடுத்துக்கறேன், லோக க்ஷேமத்துக்குத்தானே” என்று ஒன்றை வாயில் போட்டுவிட்டார். ருசியாக இருந்ததால் இன்னொன்றும் போட்டார்.

“எனக்கும் ஒண்ணு சாமி” என்றாள் பொன்செல்வி. “நான் பொம்பளப் பக்கம் போறவ. அஞ்சாம் நம்பரக் கண்ணாலகூடப் பாத்ததில்ல.” வாங்கி அங்கேயே மென்று விழுங்கினாள்.

மறுநாள் விடிகாலையில் சுவாமிகளுக்குத் தாணேயில் திடீரென்று அவசர வேலை வந்தது. ஆனால் ஆடி வெள்ளி. ஏழு மணிக்கே சந்து அடைத்துவிட்டது. பக்தர்கள் காலில் விழுந்துகொண்டே இருந்ததால் அவரால் ஓரடி எடுத்து வைக்க முடியவில்லை. செல்லத்துரையைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கி வந்தார்கள். எட்டு மணிக்கு ஆட்டோவில் வெங்கடராமன் சார் இறங்கினார். முகம் சரியில்லை. மைக்கைக் கையில் வாங்கினார்.

“நான் முப்பத்தாறு வருஷம் சர்வீஸ். ஒரு நாள்கூடப் பொய் ரிப்போர்ட் எழுதினதில்லை” என்றார். “காலம்பற அஞ்சரை மணி. கறுப்பு.”

கைதட்டத் தூக்கிய கைகள் இறங்கின.

“என் கண்ணுதான் கோளாறோன்னு ஆத்துக்காரி ஷ்யாமளாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளும் கறுப்புன்னுதான் சொன்னா. வேற ஒண்ணும் சொன்னா, அது இங்கே வேண்டாம்.”

“எனக்கும் கறுப்பு” என்றாள் பொன்செல்வி.

சுவாமிகள் எழுந்தார். “நேத்து ராத்திரி பேய் இங்கேயிருந்து தப்பிச்சு மாட்டுங்காவுக்குப் போயிருக்கு.”

“மூணாவது மாடிக்கா?” என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான். “லிஃப்ட்ல போச்சா, படியிலயா?”

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பரவியது. சுவாமிகள் வந்த பிறகு அந்த இடத்தில் ஊர் சிரித்த முதல் சிரிப்பு அது. சஃப்ரீன் ஒரு உருண்டையைக் கண்ணாடி டம்ளரில் வெந்நீர் விட்டுக் கரைத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டித் தூக்கிக் காட்டினாள். கருப்பட்டி கரைந்து ஓடிவிட்டது. எள் நின்றது. எள்ளைச் சுற்றி அப்பிக்கொண்டு கன்னங்கரேல் என்று கரி நின்றது.

“அது சக்தி பஸ்பம்” என்றார் சுவாமிகள்.

“அப்ப நீங்க ஒண்ணு சாப்பிடுங்க சாமி” என்றாள் பொன்செல்வி. உருண்டையை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். “உங்ககிட்டப் பேயி வராதுல்லா? நாளைக்கு மஞ்சளாப் போச்சுன்னா நான் இந்த ஊரு முன்னால உங்க காலுல விழுதேன்.”

சுவாமிகள் உருண்டையைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். நெற்றியில் விபூதி வேர்வையில் கரைந்தது. “அது வந்து, கருப்பட்டி” என்றார். “எனக்குச் சுகர் இருக்கு. இனிப்பைக் கையால தொடக்கூடாதுன்னு டாக்டர் ஸ்ட்ரிக்டா...”

அங்கேயே நின்றுவிட்டார். ஆனால் வாயிலிருந்து வந்துவிட்டது. மைக் வேறு பக்கத்தில் இருந்தது.

நாற்காலியிலிருந்து செல்லத்துரை மெதுவாகக் கேட்டார். “சாமிக்கு டாக்டர் உண்டுமா?”

சுவாமிகள் மைக்கைத் தள்ளி வைத்தார்.

“மாத்திரை சாப்பிடுதியளா சாமி?”

“காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு” என்றார் சுவாமிகள். பாவம், பழக்கதோஷம்.

செல்லத்துரை பொன்செல்வியைப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது. “ஆஸ்பத்திரிக்குப் போவோம்ட்டி” என்றார். எழுந்திருக்கப் பார்த்து, அப்படியே சரிந்தார்.

ஊருக்கு அப்போதுதான் கோபம் வந்தது. நாலு பேர் சட்டையை மடக்கிக்கொண்டு மேடையில் ஏறினார்கள். பொன்செல்வி கத்தினாள். “அடிக்கிறத அப்புறம் அடிங்க. இப்ப எம் புருசனத் தூக்குங்க.” அந்த நாலு பேரும்தான் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இந்தச் சந்தடியில் சுவாமிகள் பையை எடுத்துக்கொண்டு பின்பக்கமாக நழுவினார். பரீத் பாய் வழியில் நின்றார். மரியாதையாகக் கையைப் பிடித்து அழைத்துப் போய், ஐந்தாம் நம்பரில் விட்டு, வெளியே பூட்டினார். போலீஸ் வர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அதுவரை ஊர் முறை வைத்து வந்து, ‘ஜல்தி கரோ’ என்று கதவைத் தட்டிவிட்டுப் போனது. சுவாமிகள் மயங்கவில்லை. பையில் ஒரு டப்பா கரித்தூளும், ஒரு அட்டை சுகர் மாத்திரையும் இருந்தன.

ஆஸ்பத்திரியில் செல்லத்துரைக்கு மூன்று பாட்டில் ரத்தம் ஏறியது. குழாய் விட்டுப் பார்த்ததில் இரைப்பையில் புண். கசிந்துகொண்டிருந்த இடத்தை அடைத்தார்கள். “இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தால் நீங்கள் வந்திருக்க வேண்டிய இடமே வேறு” என்று இந்தியில் சொன்னார் டாக்டர். பொன்செல்வி வராந்தாவில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். பயத்தில் அழுததைவிட, ஏழு நாள் விளக்கேற்றினாளே, அந்த வெட்கத்தில் அழுததுதான் அதிகம்.

மற்ற ஐந்து பேருக்கு மயக்கம் நின்றது எப்படி என்று கேட்பீர்கள். சஃப்ரீன் அதையும் சொன்னாள். ஒரு செம்பு தண்ணீர் குடித்து, முக்காமல் இருந்து, சுவரைப் பிடித்து நிதானமாக எழுந்தால் பாதி மயக்கம் வராது. சுவாமிகள் பெயருக்குப் பதிலாக ஒன்பதாம் வாய்ப்பாடு சொன்னாலும் அதே பலன்தான். மிச்சப் பாதிக்கு டாக்டரிடம் போக வேண்டும். அதில் ஒருவருக்கு இதயத் துடிப்பில் கோளாறு என்று பிறகு தெரிந்தது. அவரும் உருண்டை தின்றுகொண்டு வீட்டில் இருந்தவர்தான்.

பத்தாம் நாள் செல்லத்துரை வீடு திரும்பினார். மறுநாள் காலையில் பொன்செல்வி வாளியோடு பெண்கள் பக்க வரிசையில் நின்றாள். அவளுக்குப் பின்னால் மாடத்தி நின்றாள். விழுந்த ஆறு பேரில் ஒருவரின் மனைவி அவள்.

“ஏ பொன்செல்வி” என்று மாடத்தி காதோடு காதாகக் கேட்டாள். “ஒருவேள புது ரத்தம் ஏத்துனதுல பேயி பயந்து எறங்கியிருக்குமோ? செம்பூர்ல ஒரு அம்மா இருக்காளாம். எலுமிச்சம்பழத்த வச்சே எல்லாத்தையும் சொல்லிருதாளாம். ஒரு எட்டு போயிட்டு வருவமா?”

பொன்செல்வி வாளியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினாள்.

“உள்ள விழுந்தவுகளுக்கு மூளைக்கு ரத்தம் போகல. அதான் விழுந்தாவ. ஒரு நிமிசத்துல கண்ணு முழிச்சிட்டாவ. வெளிய கையெடுத்துக் கும்பிட்டுட்டு நின்னோமே மாடத்தி, நமக்கு என்ன வந்துச்சு? நாம எப்ப முழிக்கப் போறோம்?”